பர்ன்அவுட் முடிந்ததும் முதல் மிதியில் பெடல் இறங்குகிறது, இரண்டாவது மிதியில் பிடிக்கிறது: காற்றா, வேறு கோளாறா?

#1 · பச்சை விளக்கு

வணக்கம் நண்பர்களே. டிராக் ரேஸ் (நேர்ப்பாதையில் கால் மைல் ஓட்டும் பந்தயம்) கார் ஒன்றில் பிரேக் தொல்லை. கேட்கப்போகும் விவரங்களை முதலிலேயே கொடுத்துவிடுகிறேன்.

ஓட்டுநரோடு சேர்த்து எடை 1,150 கிலோ. கால் மைல் முடிவில் மணிக்கு 200 கிமீ. இன்ஜின் கேம்ஷாஃப்ட் பெரியது, வேக்குவம் போதாது, அதனால் மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் இல்லை. பெடல் விகிதம் 6:1. மாஸ்டர் சிலிண்டர் (பெடல் மிதித்தால் ஆயிலை லைனுக்குத் தள்ளும் பம்ப்) துளை 25.4 மிமீ, இரட்டை அறை, தரைத்தகட்டுக்குக் கீழே மாட்டியிருக்கிறது. நான்கு சக்கரத்திலும் டிஸ்க். பின்பக்கம் ஃபிக்ஸட் காலிப்பர் (டிஸ்கைப் பேடால் கவ்வும் பாகம், அசையாத வகை), ஒவ்வொன்றிலும் எதிரெதிரே இரண்டு 44 மிமீ பிஸ்டன். முன் லைனில் லைன் லாக் (பர்ன்அவுட்டில் முன் பிரேக்கை மட்டும் பூட்டிவைக்கும் மின்வால்வு). டாட் 4 தர பிரேக் ஆயில், புதிது.

நிற்கும்போது பெடல் கெட்டியாக இருக்கிறது. பர்ன்அவுட் (பின்டயரைச் சூடாக்க நின்ற இடத்தில் சுழற்றுவது) முடித்து ஸ்டேஜிங்குக்கு, அதாவது தொடக்கக் கோட்டுக்கு, வரும்போது முதல் மிதியில் வழக்கத்தைவிட 30 மிமீ கூடுதலாக இறங்குகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் பழைய உயரத்தில் பிடித்துக்கொள்கிறது. ஓட்டம் முடியும் இடத்திலும் இதே கதை. லைன் லாக் போட்டு எடுத்தபின் முன்சக்கரங்கள் லேசாக இழுப்பதும் (பிரேக் முழுக்க விடாமல் பிடித்திருப்பதும்) உண்டு, ஆனால் எப்போதும் இல்லை. மூன்று முறை ஏர் எடுத்தாகிவிட்டது (லைனிலுள்ள காற்றை வெளியேற்றுவது). மாஸ்டர் சிலிண்டரை 28.6 மிமீக்கு மாற்றலாமா?

#2 · கால் மைல்

தயவுசெய்து மாஸ்டரை மாற்றாதீர்கள். பெடல் மேலே வரும், உண்மைதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். காலால் 400 நியூட்டன் மிதித்தால் 6:1 விகிதத்தில் புஷ்ராடில் (பெடலிலிருந்து மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் கம்பி) 2,400 நியூட்டன் கிடைக்கும். 25.4 மிமீ துளையின் பரப்பு 507 சதுர மிமீ, அழுத்தம் சுமார் 47 பார். துளை 28.6 மிமீ ஆனால் பரப்பு 642, அழுத்தம் 37 பாராக விழும். கோளாறு அப்படியே இருக்கும், பெடல் மட்டும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். 200 கிமீ வேகத்தில் அந்தத் தோற்றத்தை நம்பிக் கால் வைப்பது ஆபத்து.

முதல் மிதி ஆழம், இரண்டாவது மிதி கெட்டி என்றால் எல்லோரும் சொல்வது காற்று. காற்று இருந்தால் நிற்கும்போதும் பெடல் பஞ்சு மாதிரிதான் இருக்கும், இரண்டாவது மிதியிலும் அந்தப் பஞ்சுத்தனம் முழுக்கப் போகாது. உங்களுடையது நிற்கும்போது கெட்டி, வண்டி நகர்ந்தபின்தான் ஆழம். ஓடும்போது ஏதோ ஒன்று பிஸ்டன்களைக் காலிப்பருக்குள் பின்னே தள்ளுகிறது. முதல் மிதியின் ஆயில் அந்த இடைவெளியை நிரப்பவே செலவாகிவிடுகிறது.

எந்தப் பக்கம் என்று பிரித்துப் பார்த்துவிட்டுப் பிறகு பாகத்தில் கை வையுங்கள்.

#3 · அழுத்தமானி

பிரித்துப் பார்க்கும் முறை:

மாஸ்டரின் இரண்டு வாய்களிலும் லைனைக் கழற்றிவிட்டு அதே திரெட்டுள்ள அடைப்பு பிளக் போடுங்கள். மிதித்தால் பெடல் ஓரிரு சென்டிமீட்டருக்குள் பாறையாக நிற்க வேண்டும். மெதுவாக இறங்கினால் மாஸ்டரின் உள் கப் ரப்பர் தேய்ந்திருக்கிறது. பஞ்சாக இருந்தால் மாஸ்டருக்குள்ளேயே காற்று. அதை மேசையில் வைஸில் சமமட்டமாகப் பிடித்து, இரண்டு வாயிலிருந்தும் குழாயைத் தொட்டிக்குள் திருப்பி விட்டு, குமிழி நிற்கும்வரை ஸ்ட்ரோக்கை முழுக்க அழுத்தி விட வேண்டும். வண்டியில் சாய்வாக மாட்டியபின் செய்தால் முனையில் காற்று நின்றுவிடும்.

அது சரியானால் முன் லைனை மட்டும் இணைத்து ஏர் எடுத்து ஓட்டிப் பாருங்கள். ஓட்டுவது என்றால் பிட்டுக்குள் (வண்டிகளைத் தயார்செய்யும் இடம்) நடை வேகத்தில், வேறு எங்கும் இல்லை. பிறகு பின்பக்கம்.

இன்னொரு எளிய சோதனை: நான்கு காலிப்பரிலும் பேடைக் கழற்றிவிட்டு, பிஸ்டன்களை உள்ளே தள்ளி, அசைய முடியாதபடி மரக்கட்டை வைத்து இறுக்குங்கள். இப்போது பெடல் கெட்டி என்றால் ஆயிலில் காற்று இல்லை.

மறக்காமல் பார்க்க வேண்டியது ப்ளீட் நிப்பிள், அதாவது ஏர் எடுக்கும் திருகு. காலிப்பரின் மேல்முனையில் இருக்க வேண்டும். இடது காலிப்பரை வலதில் மாட்டினால் நிப்பிள் கீழே போய்விடும், எத்தனை முறை ஏர் எடுத்தாலும் மேலே ஒரு குமிழி மிச்சம் நிற்கும். பின் ஆக்ஸில் மேல் லைன் எழும்பி வளைந்து இறங்கும் இடமும் அப்படித்தான்.

0 முதல் 100 பார் வரை காட்டும் மானி ஒன்றை நிப்பிள் இடத்தில் மாட்டி, முதல் மிதி, இரண்டாவது மிதி இரண்டின் அழுத்தத்தையும் எழுதி இங்கே போடுங்கள்.

#4 · ஸ்லிக் டயர்

ஆயில் கொதித்திருக்கலாம் என்ற சந்தேகத்தையும் ஒதுக்கிவிடலாம். 1,150 கிலோ, 200 கிமீ வேகம் என்றால் இயக்க ஆற்றல் சுமார் 1.8 மெகாஜூல். காற்றின் எதிர்ப்பும் இன்ஜினும் ஒரு பங்கை எடுத்துக்கொண்டாலும் மீதி மெல்லிய ரோட்டர்களுக்குத்தான் (பிரேக் டிஸ்க்) போகிறது. 240 கிமீ என்றால் அதே வண்டிக்கு 2.5 மெகாஜூலைத் தாண்டும். வேகம் 20 சதவீதம் கூடினால் வெப்பம் 44 சதவீதம் கூடுகிறது.

டாட் 4 ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதாக இருக்கும்போது 230 டிகிரி, ஈரம் சேர்ந்தபின் 155. டாட் 3க்கு 205, 140. கொதிப்பது பெரும்பாலும் நின்ற பிறகுதான். ரோட்டரின் சூடு பேட், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கு ஏற நேரம் எடுக்கும். அதனால் திரும்பும் பாதையில் பெடலை மிதித்தபடியே நிற்கக் கூடாது. முடிந்தவரை உருண்டுகொண்டே வாருங்கள்.

கொதிப்பின் அடையாளம் இரண்டாவது மிதியும் மூன்றாவது மிதியும் பஞ்சாக இருப்பது, ஆறியதும் சரியாவது. பச்சை விளக்கு சொல்வது அதுவல்ல. பர்ன்அவுட்டில் பின் பிரேக் வேலையே செய்வதில்லை, அங்கே ஆயில் கொதிக்க வழியில்லை.

#5 · பச்சை விளக்கு

அழுத்தமானி சொன்னபடி செய்தேன்.

பிளக் போட்டபோது பெடல் பாறை. மரக்கட்டைச் சோதனையிலும் கெட்டி. நிப்பிள்கள் நான்கும் மேலேதான். முன் லைன் மட்டும் இணைத்து நகர்த்திப் பார்த்தபோது பெடல் 5 மிமீதான் இறங்கியது. பின் லைனையும் இணைத்ததும் மறுபடி 30 மிமீ.

மானி: நகர்த்திய பிறகு முதல் மிதி, பின்பக்கம் 20 பார். இரண்டாவது மிதி 45 பார்.

#6 · டயல் கேஜ்

பின் ஆக்ஸிலில் எண்ட் ப்ளே (ஷாஃப்ட் நீளவாக்கில் உள்ளும் வெளியும் ஆடும் தளர்வு) இருக்கிறது. இதை அளக்காமல் அடுத்த ஓட்டத்துக்குப் போகாதீர்கள்.

ஃபிக்ஸட் காலிப்பர் அசையாது. ஆக்ஸில் ஷாஃப்ட் உள்ளும் வெளியும் நகர்ந்தால் ரோட்டர் கூடவே நகர்ந்து ஒரு பக்கப் பிஸ்டனை உள்ளே தள்ளும். பிஸ்டனைச் சுற்றியுள்ள சதுர ரப்பர் சீல் ஒரு சிறு அளவுக்குத்தான் வளைந்து பிஸ்டனைப் பழைய இடத்துக்கு இழுக்கும். அதற்கு மேல் தள்ளினால் பிஸ்டன் சீலில் வழுக்கிப் போய் அங்கேயே நின்றுவிடும்.

அளக்கும் விதம்: வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி, சக்கரத்தைக் கழற்றி, பேடை எடுத்துவிடுங்கள். டயல் கேஜின் காந்த அடியை ஆக்ஸில் ஹவுசிங்கில் ஒட்டி, முள்ளை ஆக்ஸில் ஃபிளாஞ்சின் முகத்தில் செங்குத்தாக வையுங்கள். இரண்டு கையாலும் ஃபிளாஞ்சை உள்ளே அழுத்தி முள்ளைப் பூஜ்யத்தில் வைத்துவிட்டு வெளியே இழுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக. கூடவே ரோட்டரைச் சுற்றி ரன்அவுட்டும் (சுழலும்போது அதன் முகம் பக்கவாட்டில் ஆடும் அளவு) பாருங்கள், 0.08 மிமீக்குள் இருந்தால் நிம்மதி.

உங்கள் ஆக்ஸில் பேரிங் ஷாஃப்டில் அழுத்திப் போட்டு, நான்கு போல்ட் ரிட்டெய்னர் தகட்டால் பிடிக்கும் வகையா, இல்லை ஷாஃப்டின் உள்முனையைக் கிளிப் பிடிக்கும் சி-கிளிப் வகையா? சி-கிளிப் என்றால் எண்ட் ப்ளே அதன் அமைப்பிலேயே உண்டு. ஃபிக்ஸட் காலிப்பரோடு அது சேராது. அதற்கு சி-கிளிப்பை நீக்கும் எலிமினேட்டர் கிட் போட வேண்டும் அல்லது மிதக்கும் காலிப்பருக்கு மாற வேண்டும்.

#7 · பச்சை விளக்கு

ரிட்டெய்னர் தகட்டு வகை. டிஸ்க் கிட்டின் காலிப்பர் பிராக்கெட் ஹவுசிங்குக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கிறது.

எண்ட் ப்ளே இடது 1.1 மிமீ, வலது 0.3 மிமீ. ரன்அவுட் இரண்டிலும் 0.06.

#8 · டயல் கேஜ்

பிடித்துவிட்டோம். கணக்கு போட்டே காட்டுகிறேன்.

44 மிமீ பிஸ்டனின் பரப்பு சுமார் 1,520 சதுர மிமீ. இடது 1.1, வலது 0.3, மொத்தம் 1.4 மிமீ. நிரப்ப வேண்டிய ஆயில் 2,130 கன மிமீ. மாஸ்டரின் 507 சதுர மிமீ பரப்பில் அது 4.2 மிமீ ஸ்ட்ரோக். 6:1 பெடலில் 25 மிமீ. நீங்கள் சொன்ன 30 மிமீயில் முன்பக்கத்தின் 5 மிமீயைக் கழித்தால் இதேதான்.

காரணம் அந்தப் பிராக்கெட். பழைய டிரம் பிரேக்கின் பேக்கிங் பிளேட் இருந்த இடத்தில் வேறு தடிமனில் ஒன்று வந்திருக்கிறது. ரிட்டெய்னர் தகடு பேரிங்கின் வெளி வளையத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். இப்போது தகடு முதலில் பிராக்கெட்டில் முட்டி நின்றுவிடுகிறது, பேரிங்குக்கும் தகட்டுக்கும் இடையே 1.1 மிமீ வெற்றிடம். நட்டை எவ்வளவு முறுக்கினாலும் அது மூடாது, தகடுதான் வளையும்.

ஷாஃப்டை வெளியே எடுத்து டெப்த் கேஜால் மூன்று அளவு எடுங்கள். பேரிங் வெளி வளையத்தின் அகலம். ஹவுசிங் குழியின் ஆழம். பிராக்கெட்டின் தடிமனோடு, தகட்டில் பேரிங்குக்கான பள்ளம் இருந்தால் அதன் ஆழம். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் பேரிங் எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று தெரியும். மூன்றாவது அதைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவு தடிமனுக்கு ஷிம் வளையம் (இடைவெளியை நிரப்பும் மெல்லிய வளையம்) வேண்டும். முறுக்கியபின் 0 முதல் 0.1 மிமீ வரை நெருக்கம் இருக்கும்படி ஷிம்மைத் தேர்ந்தெடுங்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஷிம் வெளி வளையத்தின் மேல் மட்டும் உட்கார வேண்டும். உள்விட்டம் சிறியதாகி உள் வளையத்தையோ ஆயில் சீலையோ தொட்டால் ஒரே ஓட்டத்தில் பேரிங் கருகும். போட்டபின் கையால் சுற்றிப் பாருங்கள், எங்கும் உரசக் கூடாது.

ஷிம் போட்டதும் ரோட்டரின் இடம் மாறும். காலிப்பரை மறுபடி நடுவில் கொண்டுவர வேண்டும். பேடு இல்லாமல் மாட்டி, ரோட்டரின் இரு முகத்திலிருந்தும் காலிப்பர் உடலுக்குள்ள இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். இரண்டுக்கும் வித்தியாசம் 0.25 மிமீக்குள் வர, காலிப்பர் போல்ட்டில் மெல்லிய வாஷர் கொடுங்கள். மேல்முனை, கீழ்முனை இரண்டிலும் அளக்க வேண்டும். காலிப்பர் சாய்ந்திருந்தால் பேடு ஆப்பு மாதிரி தேயும், அதுவும் பிஸ்டனைப் பின்னே தள்ளும்.

முன்பக்க 5 மிமீ: கூம்பு பேரிங் என்றால் அதன் எண்ட் ப்ளேயை 0.03 முதல் 0.13 மிமீக்குள் வையுங்கள். சுலபமாகச் சுழலட்டும் என்று தளர்த்தி விடும் பழக்கம் பலருக்கு உண்டு. பிரேக்கில்தான் அதற்கு விலை கொடுக்க வேண்டிவரும்.

#9 · கால் மைல்

அருமை. ஆனால் மாஸ்டர் தரைக்குக் கீழே என்று சொன்னதை யாரும் எடுக்கவில்லை. தொட்டி காலிப்பரைவிடத் தாழ்வாக இருந்தால் வண்டி நிற்க நிற்க ஆயில் தன் எடையால் தொட்டிக்குத் திரும்பும். ஒவ்வொரு லைனிலும் 2 பிஎஸ்ஐ ரெசிடுவல் வால்வு (லைனில் அந்தச் சிறு அழுத்தத்தை மிச்சம் வைப்பது) ஒன்று வேண்டும், அம்புக்குறி காலிப்பரைப் பார்த்து. 10 பிஎஸ்ஐ வால்வு டிரம் பிரேக்குக்கானது. அதை டிஸ்க் லைனில் போட்டால் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும். பழைய டிரம் வண்டியின் மாஸ்டர் என்றால் வாய்க்குள்ளேயே அந்த வால்வு ஒளிந்திருக்கும், பாருங்கள்.

முன் லைனில் வரிசை: மாஸ்டர், ரெசிடுவல் வால்வு, லைன் லாக், பிறகு இரண்டு சக்கரத்துக்கும் பிரியும் டீ.

#10 · மின்கம்பி

லைன் லாக்கைப் பற்றி நான் சொல்கிறேன். முன்சக்கரம் இழுக்கிறது என்றதும் சோலனாய்டைத் தூக்கிப் போடுகிறார்கள். பல நேரம் அது குற்றவாளியே இல்லை.

வழக்கமான லைன் லாக் மின்சாரம் இல்லாதபோது திறந்திருக்கும். பெடலை மிதித்து, பட்டனை அழுத்தி, பெடலை விட்டால் முன்பக்க அழுத்தம் மட்டும் பூட்டிக்கொள்ளும். பட்டனை விட்டதும் திறக்க வேண்டும். ஏர் எடுக்கும்போது பட்டனைத் தொடவே கூடாது.

முன்சக்கரம் இறுகி நிற்கும் அந்த நேரத்திலேயே இந்த வரிசையில் பாருங்கள். கண்ணாடி போட்டுக்கொண்டு, துணி சுற்றி:

மாஸ்டர் வாயிலுள்ள நட்டைக் கால் சுற்று தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் கோளாறு மாஸ்டரில். புஷ்ராட் நீளம் அதிகமாகி, பிஸ்டன் முழுக்கத் திரும்பாமல், தொட்டிக்குப் போகும் சிறு துளையை அடைத்துக்கொண்டிருக்கும். ஆயில் சூடாகி விரியும்போது போக வழியில்லாமல் பிரேக் தானாகவே பிடிக்கும். புஷ்ராடுக்கும் பிஸ்டனுக்கும் இடையே 1.5 மிமீ தளர்வு வையுங்கள். பெடல் திரும்பி வந்து நிற்கத் தனி ஸ்டாப்பும் வேண்டும்.

விடுபடவில்லை என்றால் லைன் லாக்கின் வெளிவாய் நட்டு. அங்கே விடுபட்டால்தான் லைன் லாக் குற்றவாளி. முதலில் சோதனை விளக்கால் பாருங்கள்: பட்டனை விட்டபின்னும் சோலனாய்டுக்கு 12 வோல்ட் வருகிறதா? வந்தால் ஸ்விட்சோ உரசிய கம்பியோ. வராவிட்டால் உள்ளே அழுக்கு.

அங்கேயும் விடுபடாமல் நிப்பிளில்தான் விடுபடுகிறது என்றால் ஹோஸ் உள்ளே வீங்கி அடைத்திருக்கிறது. நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் காலிப்பர் பிஸ்டன் சிக்கியிருக்கிறது.

எதிர்க்கோளாறும் உண்டு: பர்ன்அவுட்டில் லைன் லாக் பிடி தளர்ந்து வண்டி முன்னே நகர்வது. மானியை முன் காலிப்பரில் மாட்டி, பூட்டியபின் அரை நிமிடம் முள்ளைப் பாருங்கள். விழுந்தால் உள்வாய், வெளிவாய் மாற்றி மாட்டியிருக்கிறதா, வால்வு இருக்கையில் டெஃப்லான் டேப் துணுக்கு மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பிரேக் லைன் திரெட்டில் டேப் சுற்றவே கூடாது, ஃபிளேர் முகம்தான் (குழாய் முனையின் விரிந்த வாய்) அடைக்கிறது. 45 டிகிரி ஃபிளேரை 37 டிகிரி ஃபிட்டிங்கில் மாட்டினாலும் கசியும். பட்டனை அழுத்திய நிலையில் சோலனாய்டு முனையில் வோல்டேஜ் பேட்டரியைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் கம்பி மெல்லியது அல்லது எர்த் சரியில்லை.

#11 · அழுத்தமானி

லைன் போகும் வழியையும் இந்தச் சாக்கில் பாருங்கள். ஃபிளைவீல் ஹவுசிங்கை ஒட்டிப் போகும் பிரேக் லைனை 16 அங்குல நீளமுள்ள, குறைந்தது எட்டில் ஒரு அங்குலச் சுவர் தடிமனுள்ள எஃகுக் குழாய்க்குள் விட வேண்டும் என்று அமெரிக்க டிராக் பந்தய அமைப்பான என்எச்ஆர்ஏவின் விதியே இருக்கிறது. கிளட்ச் வெடித்தால் முதலில் அறுபடுவது அந்த லைன்தான், அதுவும் பிரேக் மிக அவசியமான கணத்தில். அதே விதிப்புத்தகம் 150 மைல் வேகத்தைத் தொடும் வண்டிக்குப் பாராசூட்டைக் கட்டாயமாக்குகிறது. உங்களுடையது 125 மைல்தான், ஆனால் வேகம் கூட்டும் எண்ணம் இருந்தால் இப்போதே மனதில் வையுங்கள்.

#12 · பச்சை விளக்கு

இடதுபக்கம் 1.1 மிமீ ஷிம் வளையம், வலதில் 0.35. இப்போது இரண்டிலும் எண்ட் ப்ளே முள்ளில் தெரியவில்லை. காலிப்பரை நடுவில் கொண்டுவர இடதில் 0.5 மிமீ வாஷர் தேவைப்பட்டது. முன் பேரிங்கை 0.05க்கு இறுக்கினேன். இரண்டு லைனிலும் 2 பிஎஸ்ஐ வால்வு போட்டாயிற்று.

இழுப்பு மாஸ்டர் நட்டைத் தளர்த்தியதும் விட்டது. புஷ்ராடில் தளர்வே இல்லை. 1.5 மிமீ வைத்தேன்.

நகர்த்திய பின் முதல் மிதியில் 44 பார், இரண்டாவதில் 45. பெடல் 70 மிமீயில் பிடிக்கிறது, தரையைத் தொடும்வரை மொத்தப் பயணம் 130 மிமீ. 45 பார் போதுமா?

#13 · கால் மைல்

இப்போது கேட்பது சரியான கேள்வி. பூஸ்டர் இல்லாத டிராக் டிஸ்க் பிரேக்குக்கு 55 முதல் 80 பார் வரை வேண்டும். துளையைச் சிறிதாக்குங்கள். 22.2 மிமீ மாஸ்டரின் பரப்பு 388 சதுர மிமீ, அதே காலுக்கு 62 பார். உராய்வு போக 59 வரும். பெடல் பயணம் 1.31 மடங்காகும், 70 மிமீ 92 ஆகும். 130க்குள் நிற்கிறது. எண்ட் ப்ளே இருந்தபோது இதைச் செய்திருந்தால் முதல் மிதியிலேயே பெடல் தரையைத் தொட்டிருக்கும். புது மாஸ்டரின் மொத்த ஸ்ட்ரோக் போதுமா என்று பார்த்து வாங்குங்கள். புஷ்ராட் தளர்வை மறுபடி வைக்க வேண்டிவரும்.

பின்சக்கரம் முந்திப் பூட்டினால் பின் லைனில் அழுத்தத்தைக் குறைத்துச் சரிசெய்யும் புரொபோர்ஷனிங் வால்வு போடுங்கள். முன் டயர் ஒல்லி என்பதால் பின்பக்க அழுத்தத்தை அதிகமாகக் குறைத்துவிடாதீர்கள். வண்டியை நிறுத்துவதில் பின்பக்கத்துக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

#14 · ஸ்லிக் டயர்

பின் பேடுகள் சாய்வாகத் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். புதுப் பேடைப் பதப்படுத்த 80 கிமீயிலிருந்து 20 வரை, முழுக்க நிறுத்தாமல், ஆறேழு முறை மிதமாக மிதியுங்கள். ஒவ்வொன்றுக்கும் நடுவே அரை நிமிடம் உருள விடுங்கள். பிறகு முழுக்க ஆறட்டும்.

சிலிகான் டாட் 5க்கு மாறச் சொல்லி யாராவது சொல்வார்கள். பெயின்ட்டைக் கெடுக்காது, ஈரம் உறிஞ்சாது, சரிதான். ஆனால் ஊற்றும்போதே நுண்குமிழிகளைப் பிடித்துக்கொள்ளும், பெடலில் மென்மை தெரியும். டாட் 4 இருந்த லைனில் கலக்கவே கூடாது.

#15 · டயல் கேஜ்

இன்னும் ஒன்று, பச்சை விளக்கு. ஷிம் போட்ட ரிட்டெய்னர் தகட்டின் நான்கு நட்டுகளையும் முதல் ஓட்டத்துக்குப்பின், ஆறியதும், டார்க் ரெஞ்ச்சால் மறுபடி பாருங்கள். பிறகு டயல் கேஜை அதே இடத்தில் வைத்து எண்ட் ப்ளேயை ஒருமுறை எடுங்கள். முள் 0.05க்கு மேல் அசைந்தால் தகடு வளைந்திருக்கிறது, தடிமனான தகட்டுக்கு மாறுங்கள்.